கம்பெனி பஸ் ஏறப்போகும் தங்கைகளுக்கு



அன்னவாசல், இலுப்பூர், குளத்தூர், கீரனூர் பக்கத்து ஊர்களில் இருக்கிற உங்களுக்கும், தெற்கே ஆலங்குடி, திருமயம், அறந்தாங்கி வரைக்கும் இருக்கிற உங்களுக்கும் இந்த மடல். நீங்கள் இப்போது உள்ளூரில் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறீர்கள். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, தனியார் பள்ளிக்கூடம், ஜெராக்ஸ் கடை, டாக்டரின் கிளினிக். சம்பளம் குறைவு, வீடு பக்கம். இந்த நேரத்தில் விராலிமலையிலோ மாத்தூரிலோ திருச்சி துவாக்குடிப் பக்கமோ ஒரு கம்பெனியில் வேலை வந்திருக்கிறது. சம்பளம் கூடுதல். வீட்டிலிருந்து தூரம். பதில் சொல்ல இரண்டு மூன்று நாள்தான் தந்திருக்கிறார்கள். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நான் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தவள். பிறகு கீரனூரிலிருந்து திருச்சிக்குப் பல வருடங்கள் வேலைக்குப் போய்வந்தவள். பழைய பழக்கத்தால் இன்றைக்கும் பலர் வீட்டுக்கு வந்து, "அக்கா, போகலாமா வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் மனம் போங்கள் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் சொல்வேன். அதை நிறைவேற்ற வேண்டியது உங்கள் வீடும் அந்தக் கம்பெனியும். அது என்ன என்பதைச் சொல்வதற்கு முன், கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வேலை உத்தரவில் அச்சடித்திருக்கும் தொகையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எடுத்துக்காட்டுக்கு, புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு கடையில் மாதம் 9,000 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 9 மணி நேரம், போக வர 1 மணி நேரம். மாதம் 26 நாள் என்றால் 260 மணி நேரம் உங்களுடையது போகிறது. விராலிமலைக் கம்பெனி 15,000 தருவதாகச் சொல்கிறது. அங்கே சாப்பாட்டு நேரம் சேர்த்து எட்டரை மணி நேரம். பஸ்ஸுக்கு நிற்பது, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது, இறங்கி ஊருக்குள் நடப்பது எல்லாம் சேர்ந்து 4 மணி நேரம் என்றால், மாதம் 325 மணி நேரம் ஆகிவிடும். 15,000-இல் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் 0.75 விழுக்காடு, ஏறக்குறைய 113 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று போட்டிருந்தால் பி.எஃப். 12 விழுக்காடு, 1,440 ரூபாய். கைக்கு வருவது 13,450-ஐ ஒட்டி. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுப்பது, மெயின் ரோட்டுக்கு வர ஷேர் ஆட்டோ, பசிக்கு வாங்கும் டீ, வடை என்று 1,450 போனால் மிச்சம் 12,000. காகிதத்தில் 6,000 கூடியது. கையில் 3,000 கூடியிருக்கிறது. மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் பழைய வேலையில் 34 ரூபாய் 60 காசு, புதிய வேலையில் 37-க்குச் சற்றுக் குறைவு.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். அந்த 3,000 ரூபாய்க்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது மாதம் 65 மணி நேரம். மணிக்கு 46 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025–26-இல் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரமாக வகுத்தால் 42. நகர வேலை, யூனிஃபார்ம், அடையாள அட்டை என்று எல்லாம் இருந்தும், கூடுதலாகப் போகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிடைப்பது ஏரிக்கரையில் மண் அள்ளுகிற கூலியைவிட நாலு ரூபாய்தான் அதிகம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பிடித்தம் என்று போவதெல்லாம் இழப்பு ஆகாது. பி.எஃப்.-இல் போகும் 1,440 உங்கள் பணம். கம்பெனியும் அதே 12 விழுக்காட்டைப் போட வேண்டும், அதில் 8.33 ஓய்வூதியத்துக்கும் 3.67 உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகிறது. பத்து வருடம் கட்டினால் ஓய்வூதிய உரிமை வருகிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும், உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம். பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. கீழராஜ வீதிக் கடைகளில் எத்தனை பேருக்கு இதெல்லாம் இருக்கிறது? பத்து வருடம் கடையில் நின்று, கால் நரம்பு சுருட்டிக்கொண்டு, ஒரு நாள் போதும் வராதே என்று சொன்னால் வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் பெண்களை எனக்குத் தெரியும். தூரத்து வேலையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கூடுதல் சம்பளத்தைவிட இந்தக் காப்புதான்.

அதனாலேயே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களை யார் வேலைக்கு எடுக்கிறார்கள்? கம்பெனியா, கான்ட்ராக்டரா? தொழிலாளியாகவா, அப்ரண்டிஸாகவா? 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தால் நீங்கள் பயிற்சி பெறுகிறவர், தருவது உதவித்தொகை. அதில் பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சி முடிந்தபின் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. அப்படியானால் நான் மேலே போட்ட கணக்கில் தூரத்து வேலையின் பக்கம் இருந்த கனமான பகுதி காணாமல் போய்விடும். இருபது வயதுப் பெண், ஒரு தொழில் கற்றுக்கொள்ள ஒரு வருடம் போகிறாள் என்றால் அது வேறு. கைக்குழந்தைக்காரி அதே காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்காருவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி தூரம். விராலிமலை புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். திருச்சி 55. இதைச் சொல்லித்தான் "ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்" என்கிறார்கள். கம்பெனி பஸ் நேர்ச் சாலையில் போவதில்லை. ஊர் ஊராக நுழைந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. தடத்தின் கடைசி ஊரில் இருப்பவர்தான் காலையில் முதலில் ஏறுகிறவர், இரவில் கடைசியாக இறங்குகிறவர். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு 40 நிமிடம், இன்னொருத்திக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். அறந்தாங்கிப் பக்கம் என்றால் விராலிமலை 70 கிலோமீட்டருக்கு மேல். ஒரே மாவட்டத்துக்குள்தானே என்று நினைக்கத் தோன்றும். நம் மாவட்டம் 1974-இல் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்துச் சேர்த்தது. அதன் வட ஓரம் திருச்சியை ஒட்டிக் கிடக்கிறது, தென்கிழக்கு ஓரம் கடலில் முடிகிறது. தொழிற்சாலைகள் பெரும்பாலும் வட ஓரத்தில். வேலை வேண்டியவர்கள் எல்லாத் திசையிலும்.

சேரும் முன் ஒரு நாள், அந்த பஸ் வரும் நேரத்துக்கு அந்த ஸ்டாப்பிங்கில் போய் நில்லுங்கள். ஏற விட்டால் ஏறிப் போங்கள். விடாவிட்டால் ஏற்கெனவே அதில் போகும் ஒரு பெண்ணைப் பிடித்துக் கேளுங்கள்: வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, ஷிப்ட் முடிந்து எவ்வளவு நேரம் கழித்து எடுக்கிறார்கள், ஓ.டி. போட்டால் எல்லோரும் காத்திருக்க வேண்டுமா, மழை நாளில் எப்படி. மனிதவள அதிகாரி சொல்லும் நேரத்துக்கும் அந்தப் பெண் சொல்லும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே அந்தக் கம்பெனியைப் பாதி அறிந்துகொள்ளலாம்.

கம்பெனி பஸ் இல்லாமல் தாமாகப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இருக்கும் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான் செல்லும். அந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் பெண்ணுக்கு அந்த மிச்சம் உண்டு. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் புறநகர்ப் பேருந்தில் போனால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ரயில் நேரம் ஒத்துவந்தால் சீசன் எடுப்பது மலிவு. நார்த்தாமலை, கீரனூர் பக்கத்துக்காரர்கள் அதைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். திருச்சியில் இறங்கியபின் வேலை இடத்துக்கு இன்னொரு பஸ் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலரைக் களைத்துப்போக வைப்பது அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டர்தான்.

பெண்ணும் தூரமும் என்ற இந்தப் பேச்சு நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. கல் உடைக்கும் குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் சாயந்திர நேரத்தில் மைதானங்களில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். 1992-இல் மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை வீதிகளை நிறைத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார், உலகத்துக்கே தெரிந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்து, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டி, சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே சுற்றில் போய்வந்தார்கள். "பொம்பளை சைக்கிள் ஓட்டுறாளாம்" என்று ஏசியவர்களும் இருந்தார்கள். அந்த ஏச்சு ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

அந்தச் சைக்கிள் என்ன செய்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தூரத்தைக் குறைத்தது என்று சொல்வார்கள். அதைவிட முக்கியமாக, பெண்ணின் நேரத்தை அவள் கையில் கொடுத்தது. அதுவரை பஸ் வரும்போது போனாள், புருஷனோ தம்பியோ கூட்டிப்போகும்போது போனாள். சைக்கிள் வந்தபின் தான் நினைத்தபோது போனாள், நினைத்தபோது திரும்பினாள். கம்பெனி பஸ் இன்னும் நெடுந்தூரம் கூட்டிப்போகிறது. ஆனால் நேரத்தை மறுபடி அடுத்தவர் கையில் கொடுக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பகல் 11 மணிக்குப் போன் வந்தால், 40 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் உங்களுக்கு வண்டி மாலையில்தான். கூடுதல் சம்பளத்துக்கு நீங்கள் விற்பது உங்கள் கையில் இருந்த இந்த நேரத்தை. அதன் விலையை நிர்ணயிக்கும்போது உங்களுக்கும் வாய் இருக்க வேண்டும்.

இப்போது அந்த நிபந்தனைக்கு வருகிறேன்.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்துக்கு எதிரே ஒன்றரை மணி நேரம். இதை நம் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். எட்டரை மணி நேரம் கம்பெனி, நாலு மணி நேரம் வழி, ஐந்து மணி நேரம் வீடு. பதினேழரை. மிச்சம் ஆறரை மணி நேரத்தில் குளித்து, சாப்பிட்டு, தூங்க வேண்டும். ஒரு மாதம் யாராலும் முடியும். மூன்றாவது மாதம் உடம்பு சொல்லிவிடும்.

இது நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் நடப்பது இல்லை. பிரிட்டனில் குடும்பங்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்த தரவை வைத்து ஜெனிஃபர் ராபர்ட்ஸ், ராபர்ட் ஹாட்ஜ்சன், பால் டோலன் மூவரும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் பயண நேரம் கூடக்கூடப் பெண்களின் மனநலம் குன்றுவதையும், ஆண்களுக்கு அப்படி ஆகாததையும் கண்டார்கள். பெண்கள் மேல் இருக்கும் வீட்டுப் பொறுப்பே இதற்குக் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் முடிவு. அதற்கு மூன்று வருடம் முன்பு புரூனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டுட்ஸர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனித் தரவில் பார்த்தபோது, நெடுந்தூரம் போகிறவர்களுக்குக் கிடைக்கும் சம்பளமும் வீட்டு வசதியும் அவர்கள் இழக்கும் மனநிறைவை ஈடுகட்டவில்லை என்று தெரிந்தது. நல்ல சாலையும் குளிர்சாதன ரயிலும் இருக்கும் நாடுகளிலேயே இப்படி.

ஆக, பயணம் மட்டும் உங்களைக் களைக்க வைப்பதில்லை. அதே நாளில் இரண்டாவது முழு வேலையும் உங்களுக்காகக் காத்திருப்பதுதான் இன்னும் களைக்க வைக்கிறது. உங்கள் சம்பளம் வீட்டுக்கு வேண்டுமென்றால், நீங்கள் வழியில் கழிக்கும் நாலு மணி நேரத்துக்கு ஈடாக நாலு மணி நேர வீட்டு வேலையை வீட்டில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். "பார்த்துக்கலாம், நீ போ" என்று சொன்னால் போதாது. காலையில் உலை வைப்பது யார்? ரேஷன் கடைக்கு யார்? மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, பிள்ளைக்குச் சடை போடுவது, இரவுச் சட்டி பானை கழுவுவது யார்? பெயர் சொல்லிப் பேசுங்கள். அத்தையின் மூட்டுவலி என்ன ஆகும், மச்சினன் இறங்கி வருவாரா, கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் அவர் பங்கு வேலையைப் பணம் கொடுத்தாவது யார் செய்வது, இவற்றை வேலையில் சேர்வதற்கு முன் பேச முடிகிற வீடு சேர்ந்தபின்பும் தாங்கும். பேச்சு எடுத்ததுமே கோபப்படுகிற வீட்டில் அந்த 15,000-ஐயும் வாங்கிக்கொண்டு, குழம்பு ஏன் ஆறிப்போயிருக்கிறது என்றும் கேட்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்காகத் தூரத்து வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களுக்காக, உங்கள் பெயரில் ஒரு கணக்கில் போடுவதற்காக என்றால் அப்போது யோசிக்கலாம்.

ஒரு பாரம் இறங்கியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு பள்ளிக்கூடத்தில். மதியமும் அங்கேயே. விடியுமுன் பஸ் பிடிக்கிற தாய்க்கு அந்த உப்புமாவும் கிச்சடியும் எவ்வளவு பெரிய உதவி என்பது அவளுக்குத்தான் தெரியும். என் காலத்தில் அது இல்லை. கைக்குழந்தை விஷயம் அப்படி இல்லை. 2017-இல் திருத்திய மகப்பேறு சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. நல்ல சட்டம். ஆனால் காப்பகம் தொழிற்சாலையில் இருந்தால் எட்டு மாதக் குழந்தையும் விடியலில் அந்த பஸ்ஸில் ஏற வேண்டும். பெண்கள் ஏறுகிற ஊர்களில், அங்கன்வாடியை ஒட்டியே கம்பெனிகள் செலவு ஏற்றுக் காப்பகம் நடத்தினால்தான் இது உதவும். இதை நீங்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

உடம்பைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை. வழியில் ஒதுங்க இடமில்லை என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். காலையில் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே குடிப்பதில்லை, சாயந்திரமும் அப்படியே. நம் ஊர் வெயிலில் இது சிறுநீர்த் தொற்றிலும் கல்லடைப்பிலும் கொண்டுபோய் விடும். மாதவிலக்கு நாளில் படும் பாடு சொல்ல வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்ததும் வண்டி எடுப்பதற்கு முன் பத்து நிமிடம், சுத்தமான கழிப்பறை, இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேட்பது வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை. சம்பளத்தைக் கேட்பது போலவே கேளுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கும் சில இடங்களையும் தெரிந்துகொண்டு போங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியும் பணியிடம்தான். பஸ்ஸில் டிரைவரோ சூப்பர்வைசரோ கூட வரும் யாரோ தவறாக நடந்தால், கம்பெனியின் உள்ளகக் குழு அதை விசாரித்தாக வேண்டும். கேட்டுக்கு வெளியே நடந்தது என்று கைகழுவ முடியாது. இரவு ஷிப்ட் பற்றி, சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் பெண்களுக்கு இருந்த இரவு வேலைத் தடையை நீக்கியபோதே, வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடும் வண்டி வசதியை ஒரு நிபந்தனையாக வைத்தது. மெயின் ரோட்டில் இரவு 11 மணிக்கு இறக்கிவிட்டுப் போவது அந்த நிபந்தனைக்கு ஒத்துவராது.

விபத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ ஏற்படும் விபத்தை, வேலைக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமானால், வேலையில் ஏற்பட்ட காயமாகவே கருத வேண்டும் என்று 2010-இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தினார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, அதிகாலை 3 மணிப் பணிக்குப் போகும் வழியில், ஆலைக்கு 5 கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்தார். 2003-இல் நடந்தது. அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 29 அன்று தீர்ப்புச் சொன்னது, ஈ.எஸ்.ஐ.யில் இல்லாத தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தையும் அப்படியே படிக்க வேண்டும் என்றது. உங்கள் அண்ணன் பைக்கில் ஸ்டாப்பிங்குக்குக் கொண்டுவந்து விடும் வழியில் விழுந்தாலும் இந்த உரிமையைக் கேட்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேலைக்குச் செல்லும் வழியில்" என்று நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் அலைந்த குடும்பங்கள் உண்டு.

"தினமும் அலைவதற்குப் பதிலா ஹாஸ்டலில் தங்கிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்க, 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதை 2021 டிசம்பர் காட்டியது: விடுதிச் சாப்பாட்டால் பல பெண்கள் நோயில் விழ, கூட வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு, நல்ல விடுதி என்றால், இரண்டு மூன்று வருடம் வெளியே இருந்து வருவது நல்லது என்றே நினைக்கிறேன். தன் சம்பளம், தன் சிநேகிதிகள், தன் முடிவுகள். பிள்ளைக்காரிக்கு அது முடியாது. அவளுக்குத்தான் இந்த நெடுந்தூர பஸ், அதனால்தான் இந்த மடலும் பெரும்பாலும் அவளுக்கு.

வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்ட பிறகு, நிலத்தை நம்பியிருந்த எத்தனையோ வீடுகளில் பெண்களின் சம்பளம்தான் குழுக் கடனைக் கட்டியது. அந்த நெருக்கடியில் இருப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி குறைவு. அந்த நெருக்கடி இல்லாத நீங்கள், வயதான அப்பத்தாவைப் பார்த்துக்கொள்ளவோ, பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அருகில் இருக்கவோ உள்ளூர் வேலையே போதும் என்று சொன்னால், உங்களைத் துணிச்சல் இல்லாதவள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அப்போது அந்த வேலை உத்தரவை வீணாக்க வேண்டாம். இப்போதைய முதலாளியிடம் காட்டி, எனக்கு வெளியே இவ்வளவு தருகிறார்கள், நீங்கள் எவ்வளவு கூட்டுவீர்கள், ஈ.எஸ்.ஐ. எப்போது போடுவீர்கள் என்று கேளுங்கள். கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

போவது என்று முடிவு செய்தவர்கள் தனியாகப் போகாதீர்கள். ஒரு ஊரிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்தால் ஸ்டாப்பிங்கை ஊருக்குள் கொண்டுவரச் சொல்லலாம், தடத்தை மாற்றச் சொல்லலாம். ஒருத்தி கேட்டால் அது குறை. ஐந்து பேர் கேட்டால் கம்பெனிக்கு ஆள் பற்றாக்குறை. நம் ஊர்களில் பெரும்பாலும் மெயின் ரோட்டிலிருந்து ஊர் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே. வழியில் கருவேலங்காடு, கண்மாய்க்கரை, விளக்கு இல்லாத வளைவு. கிராமசபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. விடுமுறை கிடைக்கும் நாள் எது என்று பார்த்து, சேர்ந்து போய் உட்காருங்கள். பஸ் ஸ்டாப்பிங்கிலிருந்து ஊர் வரை தெருவிளக்கு, ஸ்டாப்பிங்கில் நிழற்குடை, சைக்கிளையோ ஸ்கூட்டியையோ பூட்டி வைக்க ஓர் இடம். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். தீர்மான நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

அன்புடன்,
கீரனூரிலிருந்து உங்கள் அக்கா